உயிரோடிருந்தவருக்குக் கொடுத்த பரிபூரண பலன்

வருஷத்தில் எட்டு நாள் மட்டும் இஸ்திரியம்மாவின் கடைக்குக் காலையில் போய்ப் பிரயோஜனமில்லை. மற்ற நாளெல்லாம் ஏழு மணிக்குக் கதவு திறந்து, ஏழேகாலுக்குப் பெட்டி சூடேறி, ஏழரைக்கு முதல் சட்டை ஹேங்கரில் தொங்கிவிடும். காலர், தோள்பட்டை, கைப்பட்டி, கை, முன்பக்கம், முதுகு என்று அவளுக்கு ஒரு வரிசை உண்டு. ஜனாதிபதியே வந்து மாற்றச் சொன்னாலும், அவர் சட்டையையும் அதே வரிசையில் தேய்த்துத்தான் திருப்பித் தருவாள். ஆனால் நவம்பர் ஒன்று முதல் எட்டு வரை கடை பதினொரு மணிக்குத்தான் திறக்கும். ஊரே கசங்கித் திரியட்டும், அவளுக்குக் கவலையில்லை. அந்த எட்டு நாளும் அவளுக்குச் செத்தவர்கள் டியூட்டி.

விஷயம் இதுதான். அந்த எட்டு நாளில் ஒருவர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறந்தவர்களுக்காகச் செபித்து, குருவானவரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசை கண்டு நற்கருணை நன்மை வாங்கி, பாப்பரசரின் கருத்துக்காகவும் வேண்டிக்கொண்டால், மோட்சத்துக்கு முன்னால் உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்திருக்கும் ஓர் ஆத்துமாவுக்குப் பரிபூரண பலன் கிடைக்கும் என்பது கத்தோலிக்கப் போதனை. அதாவது, மன்னிக்கப்பட்ட பாவங்களுக்காக அந்த ஆத்துமா இன்னும் அனுபவிக்க வேண்டிய தண்டனை மொத்தமும் தள்ளுபடி. ஒரு நாளைக்கு ஒன்றுதான். இரண்டு பூசை கண்டால் இரண்டு கிடைக்குமா என்று அவள் ஒருமுறை கேட்டும் பார்த்துவிட்டாள். கிடைக்காதாம்.

எனவே எட்டு நாள், எட்டு இடம். சட்டை மடிப்புக்குள் வைக்கும் அட்டை ஒன்றில் அவள் பட்டியல் போட்டு வைத்திருந்தாள். முதல் நாள் புருஷனுக்கு. பிறகு அப்பா, அம்மா, தம்பி, ஞானத்தாய், பிள்ளையில்லாமல் போன பக்கத்து வீட்டு அக்கா. ஏழாம் நாள் மாமியாருக்கு.

"அந்தக் கெழவிக்குமா?" என்று மகள் கேட்டபோது, "குடுக்கலன்னா நான் மேல போனதும் வாசல்லயே நிப்பாட்டிக் கேப்பா. தேவையா எனக்கு?" என்றாள்.

எட்டாம் நாள் மறுபடியும் புருஷனுக்கே. அவர் பெயிண்டர். ஏணியில் ஏறும்போது ஒரு கெட்ட வார்த்தை, இறங்கும்போது ஒன்று. முப்பது வருஷத்தில் எத்தனை ஏணி! ஒரு நாள் போதாது என்பது அவள் கணிப்பு.

மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். யாருக்கு எது தெளிவாகத் தெரியவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. அந்த வருஷம் அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"ஏம்மா, முழுத் தள்ளுபடின்னா முழுசுதானே? அப்பாவுக்குப் பத்து வருஷமா குடுக்கிற. மொத வருஷமே அவரு மோட்சத்துக்குப் போயிருக்கணுமே?"

"போயிட்டாருன்னு உனக்குக் கடுதாசி வந்துச்சா?"

"வரல. அதான் கேக்கிறேன். நீ செய்யறதுல எங்கயோ கோளாறு இருக்கோ என்னவோ."

இஸ்திரியம்மா ஒரு தலையணை உறையை இரண்டு தரம் தேய்த்தாள். அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. புருஷன் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறாரா? தன் கோளாறினாலா?

கோளாறு எங்கே என்று அவளுக்கு லேசாகத் தெரியும். அது அவள் இடது கையில் இருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். வண்டி வண்டியாகப் படுக்கை விரிப்புகள் வரும். துவைத்துப் பிழிந்த ஈர விரிப்பை ஆளுக்கொரு முனையாக இரண்டு பெண்கள் பிடித்து, சூடான ரோலருக்குள் விடவேண்டும். மறுபக்கம் அது அப்பளம் மாதிரி வெளியே வரும். ரோலருக்கு முன்னால் ஒரு பாதுகாப்புக் கம்பி உண்டு. கை பட்டால் ரோலர் உடனே நின்றுவிடும். அது ரொம்ப ரோஷக்காரக் கம்பி; முழங்கை பட்டாலும் நிற்கும், முந்தானை பட்டாலும் நிற்கும். நின்றால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் சூப்பர்வைசருக்கு மேலிடத்தில் டோஸ் விழும்.

சூப்பர்வைசருக்கு அங்கே பெயர் விசில். கழுத்தில் எப்போதும் ஒன்று தொங்கும். ஆளைக் கூப்பிட ஒரு ஊது, திட்ட இரண்டு ஊது. பாராட்ட எத்தனை ஊது என்று யாருக்கும் தெரியாது, கேட்டதில்லை. ஒரு நாள் காலையில் விசில் அந்தக் கம்பியை ஒரு கிழிந்த துணியால் பின்னால் இழுத்துக் கட்டிவிட்டார். மத்தியானம் அவளுடைய மோதிர விரலும் சுண்டு விரலும் ரோலருக்குள் போயின.

விரல்கள் தப்பின, ஆனால் மடங்குவதில்லை. அதுகூடப் பரவாயில்லை. விபத்து ரிப்போர்ட்டில் விசில் எழுதினார்: "தொழிலாளியே கம்பியைக் கட்டியுள்ளார்." அவளை வேலையை விட்டு நீக்கினார்கள். அப்போது புருஷனுக்கு நுரையீரல் கெட்டு அதே ஆஸ்பத்திரியில் படுக்கை. வேலையில் இருந்தவரை வார்டு நர்ஸுகள் அவளை எந்த நேரமும் உள்ளே விட்டார்கள். வேலை போனதும் பார்வையாளர் நேரம் மட்டும்தான். அவர் போனது விடியற்காலையில். அவள் கேட்டுக்கு வெளியே, கட்டுப்போட்ட கையோடு, கதவு திறக்கக் காத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் விசிலைப் பார்த்ததில்லை. பார்க்காமலேயே தினமும் ஒருமுறை நினைத்துக்கொள்வாள், சட்டையின் கைப்பட்டியை இடது கையால் இழுத்துப் பிடிக்கும்போது.

அக்டோபர் கடைசி நாள் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்குப் போனாள். வாசல் கதவில் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தது. இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதி மக்கள் பெட்டியில் போடுவார்கள். அவர்களுக்காக மாதம் முழுக்கப் பூசையில் வேண்டுவார்கள். தன் ஆட்கள் ஏழு பேரும் இருக்கிறார்களா என்று மடங்காத விரலை வைத்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், நாலாவது பத்தியில் நின்றுவிட்டாள். விசிலின் பெயர். முழுப் பெயர், தகப்பன் பெயரோடு.

முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைப்பதற்கில்லை. இரண்டாவதாக, கோயில் வாசலில் நின்றுகொண்டு ஒருத்தர் சாவுக்குச் சந்தோஷப்படுகிறோமே என்ற பயம். மூன்றாவதாக ஒரு வெறுமை. பதினோரு வருஷம் கயிறு இழுத்துக்கொண்டிருக்கும்போது எதிராளி திடீரென்று கையை விட்டால் வருமே, அது.

உள்ளே போய் முழங்கால் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். ஃபாதர் சின்ன வயசுக்காரர், பொறுமைக்காரர். மகள் கேட்ட கேள்வியையும் அவரிடமே கேட்டாள்.

"பலன் முழுசாக் கிடைக்கணும்னா இன்னொரு நிபந்தனை இருக்குதும்மா," என்றார். "எந்தப் பாவத்து மேலயும் ஒட்டுதல் இருக்கக் கூடாது. சின்னப் பாவம்கூட. மனசு ஒண்ணுல ஒட்டியிருந்தா கிடைக்கிறது முழுசு இல்ல, கொஞ்சம்தான்."

"வன்மம் ஒட்டுதல்ல வருமா?"

"வேண்டாம்னு போராடுறீங்களா, வேணும்னு பத்திரமா வெச்சிருக்கீங்களா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லும் இடமில்லை அது. "இஸ்திரி போட்டு மடிச்சு வெச்சிருக்கேன், ஃபாதர்."

சல்லடைத் தட்டிக்கு அந்தப் பக்கம் இருமல் மாதிரி ஒன்று கேட்டது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

"சரி, எனக்கு ஒண்ணு வெளங்கல. பாவத்தைத்தான் மன்னிச்சாச்சே, அப்புறம் தண்டனை எதுக்கு மிச்சம் நிக்குது?"

"உங்க தொழில்லயே சொல்லுங்களேன்."

அவளே சொன்னாள்: "துவைச்சா கறை போயிடும். ஆனா துணி சுருங்கிக் கெடக்கும். அதை யாராவது தேய்க்கணும்."

"அந்தச் சுருக்கத்தைத் தேய்க்கத்தான் நீங்க உதவி பண்ணப் போறீங்க. உங்க கை சூட்டை வெச்சு இல்ல. கிறிஸ்துவும் புனிதர்களும் சேர்த்து வெச்ச நன்மையில இருந்து திருச்சபை எடுத்துக் குடுக்குது. நீங்க கையை நீட்டணும், அவ்வளவுதான். ஆனா மூடின கையை நீட்டிப் பிரயோஜனமில்ல."

வீட்டுக்கு வந்து அட்டையை எடுத்தாள். பத்து வருஷமாகப் புருஷனுக்கு அரைகுறையாகத்தான் போயிருக்கிறது, காரணம் விசில். புருஷனை வெளியே கொண்டுவர ஒரே வழி, விசிலை மன்னிப்பது. நல்லவேளையாக அந்த ஆள் செத்துவிட்டார். மன்னிப்பதற்குச் செத்தவர்களைவிட வசதியானவர்கள் கிடையாது. எதிர்த்துப் பேச மாட்டார்கள், மறுநாள் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார மாட்டார்கள். முதல் நாளில் இருந்த புருஷன் பெயரை அடித்துவிட்டு "விசில்" என்று எழுதினாள். எழுதும்போது பல்லைக் கடித்திருந்தாள். எழுதி முடித்ததும் தோள்பட்டை ஒரு அங்குலம் கீழே இறங்கியது அவளுக்கே ஆச்சரியம்.

நவம்பர் ஒன்று. பூசை கண்டாள், நன்மை வாங்கினாள், கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். செய்வதைத் திருத்தமாகச் செய்யவேண்டும் என்று விசிலின் கல்லறையைத் தேடினாள். புது மண் மூன்று இடத்தில் இருந்தது. மூன்றிலும் வேறு பெயர். சரி, ஆண்டவருக்கு விலாசம் தெரியும் என்று பொதுச் சிலுவையடியில் நின்று முழு மனசோடு செபித்தாள். "அவரைச் சேர்த்துக்குங்க. நானும் விட்டுட்டேன்." கண்ணில் தண்ணீர்கூட வந்தது. துடைத்துக்கொண்டு திரும்பினால், நாலாவது வரிசையில் சிமெண்ட் பெஞ்சில் விசில் உட்கார்ந்திருந்தார்.

இளைத்து, முடி கொட்டி, ஆனால் சந்தேகமில்லாமல் உயிரோடு. கால் மேல் கால் போட்டுக்கொண்டு.

ஆவி என்று அவள் நினைக்கவில்லை. ஆவிக்கு அப்படி ஒரு மட்டமான இஸ்திரி இருக்காது. பேண்டில் இரட்டை மடிப்பு விழுந்திருந்தது.

"நீங்க செத்துட்டீங்களே!" என்றாள்.

விசில் எழுந்து நின்றுவிட்டார். முகம் வெளிறிப்போனது, அவளைப் பார்த்ததாலா, அவள் சொன்னதாலா என்று தெரியவில்லை. "இல்லீங்களே," என்றார் மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

"கோயில் கதவுல பேரு இருக்கு!"

"அது... நான்தான் எழுதிப் போட்டேன்."

"உங்க பேரை நீங்களேவா?"

"நான் போனப்புறம் யாரு சீட்டு எழுதிப் போடுவா? வீட்டுல அவ என்னை விட்டுப் போயி ரொம்ப வருஷம். புள்ளைங்க இல்ல. அதான் முன்கூட்டியே. இருந்தா வீணாப் போகாதுன்னு..." கையால் கல்லறைகளைக் காட்டினார். "இங்ககூட எடம் பாக்கத்தான் வந்தேன். காத்தோட்டமா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. "அடப்பாவி மனுஷா! என் புருஷனோட நாளை உங்களுக்குக் குடுத்துட்டு நிக்கிறேன் நான்!" என்று கத்திவிட்டு, விளக்கம்கூடச் சொல்லாமல் விறுவிறுவென்று வெளியே போனாள். நேரே கோயிலுக்கு.

ஃபாதர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், செத்தவரை மன்னிச்சதை வாபஸ் வாங்கலாமா?"

முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவர் துணியைக் கீழே வைத்தார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு காதில் தெரிந்தது, இரண்டும் சிவந்துவிட்டன. "பலனை உங்களுக்காகவோ இறந்தவங்களுக்காகவோதான் ஒப்புக்கொடுக்கலாம். உயிரோட இருக்கிற இன்னொருத்தருக்கு முடியாது. அவரவர் நடந்துதான் வரணும்."

"அப்போ இன்னிக்கு வீணா?"

"ஆண்டவர்கிட்ட எதுவும் வீணாப் போகாது. அதை எங்க சேக்கணும்னு அவருக்குத் தெரியும். ஆனா நீங்க கேக்க வந்தது அது இல்லியே."

இல்லைதான். அவள் கேட்க வந்தது வேறு. காலையில் விட்ட வன்மம், மத்தியானத்துக்குள் திரும்பி வந்து அதே இடத்தில் மடிந்து உட்கார்ந்துவிட்டது. மறுநாள் கல்லறையில் நின்று அப்பாவுக்காக வேண்டியபோது, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாளும் அப்படியே. இப்படியே போனால் இந்த வருஷமும் அரைகுறைதான். எட்டாம் நாளும் புருஷன் கேட்டுக்கு அந்தப் பக்கம். இவள் இந்தப் பக்கம்.

நாலாம் நாள் ஒரு சாக்குக் கிடைத்தது. பட்டியலில் உயிருள்ளவர் பெயர் இருக்கிறது, அடியுங்கள் என்று கோயில்பிள்ளையிடம் சொன்னாள். முப்பது வருஷமாக மணியடித்து, பாதிக் காது கேளாத மனிதர் அவர்.

"சம்பந்தப்பட்ட ஆளு வந்து சொல்லணும்," என்றார்.

"சம்பந்தப்பட்டவங்க யாரும் வர முடியாதே, எல்லாரும் செத்தவங்க!"

"இவருதான் சாகலையே? வரச் சொல்லுங்க."

அப்படித்தான் விலாசம் விசாரித்துக்கொண்டு, டயர்க் கடை மாடியில் விசில் குடியிருந்த அறைக்கு அவள் போக நேர்ந்தது. ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஆணியில் ஒரு வெள்ளைச் சட்டை தனியாகத் தொங்கியது. பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. உறைக்குள்ளேயும் சுருக்கம். அடியில் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துத் தேய்த்த வட்டத் தடம் தெரிந்தது.

"இது என்ன சட்டை?"

"கடைசிச் சட்டை," என்றார் விசில். "பெட்டியில வைக்கிறப்போ போட. உங்க கடையில குடுக்கலாம்னு மூணு தடவ வந்தேன். கண்ணாடி வழியா உங்க கையைப் பாத்ததும் திரும்பிப் போயிட்டேன்."

கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம். 

"அந்தக் கம்பியை நான்தான் கட்டினேன்," என்றார்.

"தெரியும்."

"யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

"முடிச்சைப் பாத்தேன் சார். அழுக்கு மூட்டைக்கு நீங்க போடுற முடிச்சு. ரெட்டைச் சுத்து, எடப்பக்கம் காது. சலவைக்கூடத்துல வேற யாரும் அப்படிப் போட மாட்டாங்க."

விசில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ ஏன் சொல்லல?"

"யாருகிட்ட? ரிப்போர்ட் எழுதுறது நீங்க."

அவர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து, "மன்னிச்சிடுங்க," என்று வந்தது. பதினோரு வருஷமாக இந்த வார்த்தைக்கு அவள் ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். நல்ல நீளமான பதில், நடுவில் புருஷனிடம் கற்ற இரண்டு ஏணி வார்த்தைகளும் உண்டு. அதைத் தேடினாள். கிடைக்கவில்லை. எதிரில் இருந்தது ஒரு தட்டு, ஒரு டம்ளர் வைத்திருக்கும் ஒரு கிழவர்.

"என்கிட்டச் சொன்னா மட்டும் ஆச்சா?" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட மெதுவாக வந்தது. "கோயில்ல ஃபாதர் இருக்காரு. அங்க போய்ச் சொல்லுங்க."

"முப்பது வருஷமா பாவசங்கீர்த்தனத்துப் பக்கம் போகல. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியாது."

"கையில ஆரம்பிங்க," என்றாள். "மத்ததெல்லாம் பின்னாலயே வரும்."

போகும்போது ஆணியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டாள். "இந்தக் கோலத்துல உங்களை உள்ள விட மாட்டாங்க," என்றாள். எந்த உள்ளே என்று சொல்லவில்லை.

ஆறாம் நாள் விசில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். ஐம்பது நிமிஷம். கோயில்பிள்ளை மணியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடி மணியைப் பார்த்தார். "உள்ள தூங்கிட்டாரா ரெண்டு பேரும்?" என்று கேட்டார். வெளியே வந்த விசிலின் கண் வீங்கியிருந்தது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், பழைய ரிப்போர்ட் பொய், கம்பியைக் கட்டியது நான் என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். அந்த ரோலரை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். கவுண்டரில் இருந்த பெண் என்ன செய்வது என்று தெரியாமல், நகலில் ஒரு முத்திரை குத்திக் கொடுத்தாள். அதை அவர் இஸ்திரியம்மாவின் மேஜையில் வைத்தார். அவள் இரண்டு தரம் படித்தாள். மகள் அதை வாங்கி மூன்றாம் தரம் சத்தமாகப் படித்தாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. பிறகு திடீரென்று நிறுத்திவிட்டு, அம்மாவின் இடது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"எட்டாம் நாள் யாருக்கு?" என்று கேட்டார் விசில்.

"என் வீட்டுக்காரருக்கு."

"அதை நான் செய்யறேன். இப்ப எனக்கும் முடியும்னு ஃபாதர் சொன்னாரு. அன்னிக்கு உங்களைக் கேட்டுக்கு வெளிய நிறுத்தினது நான். அவருக்கு உள்ள போற வழிக்காவது நான் நடக்கிறேனே."

அவள் ஒரு கைக்குட்டையை எடுத்து, தேவையே இல்லாமல் தேய்த்தாள். "என் நாளு சும்மா நிக்குமே," என்றாள் கடைசியில். "உங்களுக்கு யாரு இருக்கா அங்க?"

விசில் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் வாய் கோணியது. "எங்கம்மா," என்றார். "ஐயோ, என் பேரை எழுதிப் போட்டேன், அவ பேரை எழுதணும்னு தோணவே இல்லியே."

எட்டாம் நாள் காலை, தோட்டத்தில் ஈரம் காயவில்லை. விசிலின் அம்மா கல்லறை எது என்று அவருக்கு நினைவில்லை. மேற்கு மதில் பக்கம் என்று மட்டும் தெரியும். அங்கே பெயர் அழிந்த கற்கள் ஏழெட்டு. இஸ்திரியம்மா எல்லாவற்றுக்கும் பொதுவாக நடுவில் முழங்கால் போட்டாள். விசில் அந்தப் பக்கம் பெயிண்டர் கல்லறை முன் நின்று ஆரம்பித்தார். மூச்சுவிடாமல் பரலோக மந்திரத்தைப் பாதிவரை ஓட்டி, ஓரிடத்தில் சிக்கி, மறுபடி முதலிலிருந்து அதே வேகத்தில் ஓட்டினார். பழைய எண்ணிக்கைப் பழக்கம்.

"சார்!" என்று அவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "இது விரிப்பு இல்ல. மெதுவா! அவரு அந்தப் பக்கம் காதை வெச்சுக் கேட்டுட்டு இருக்காரு."

"மறந்துபோச்சும்மா," என்றார் அவர் பரிதாபமாக. "'எங்களுக்குத் தீமை செய்தவர்களை' வரைக்கும் வருது. அப்புறம் நாக்கு ஒட்டிக்குது."

அவள் எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, அவர் பக்கத்தில் போய் நின்றாள். "சரி, முதல்ல இருந்து வாங்க. நானும் சொல்றேன்," என்றாள். இருவருமாகச் சொன்னார்கள். அந்த இடம் வந்ததும் அவர் நின்றார். அவள் நிற்கவில்லை, 'நாங்கள் பொறுப்பது போல' என்று அவரையும் இழுத்துக்கொண்டு தாண்டினாள். அது முழுப் பலனா, கொஞ்சமா என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. கல்லறைக்கு முன்னால் நின்ற அந்த அரை மணி நேரமும் தன் கையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்பது, வீட்டுக்கு வந்து கடைக் கதவைத் தூக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. மணி பத்தேகால்தான். பரவாயில்லை என்று பெட்டியைச் சூடேற்றினாள்.